பட்டியலில் என் கார்

கடந்த அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையொன்றில், எங்கள் வீட்டு கராஜ் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த பட்டியல் ஒன்றை என்னிடம் நீட்டினார். அவர் வட கரோலினாவுக்கு வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் என் மகளுக்குப் பாடம் எடுப்பவர். என்னை அண்ணா என்று அழைப்பவர். 2003-ஆம் ஆண்டின் போர்ஷே 911 ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு வந்திருப்பதாகவும், அதை வாங்கிவிட மனம் அடித்துக்கொள்வதாகவும், ஆனால் அதன் என்ஜினைப் பற்றி இணையத்தில் படித்ததெல்லாம் தூக்கத்தைக் கெடுப்பதாகவும் சொன்னார். அந்தப் பட்டியல், என்ஜினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் ஐ.எம்.எஸ். பேரிங் உடைந்து என்ஜின் போன போர்ஷேயின் பாக்ஸ்டர், 911 கார்களைப் பல இடங்களிலிருந்து தேடிப்பிடித்து யாரோ ஒருவர் பொறுமையாகத் தொகுத்தது. மாடல், ஆண்டு, மைல், மாநிலம், என்ன ஆயிற்று என்று கட்டம் கட்டமாக இருந்தது. மேலிருந்து கீழாக விரலால் தள்ளிக்கொண்டே போன நான் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 2000 பாக்ஸ்டர், 2.7 லிட்டர், ஐந்து கியர், 78,000 மைல், வட கரோலினா. கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்: தோல்வி.

நண்பரும் அதே வரியைப் பார்த்திருக்க வேண்டும். "அண்ணா, இது உங்க கார் மாதிரியே இருக்கே?" என்றார். அது என் கார்தான். எங்களுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், முந்தைய நாள் மலைப் பாதையில் ஓட்டிவிட்டு வந்தபோது ஒட்டிய இலைத் தூசியோடு நின்றுகொண்டிருந்தது. அதன் என்ஜின் ஒருநாளும் தோற்றதில்லை. இருந்தும் அந்த வரியில் இருந்த ஆண்டு, மைல், மாநிலம் எல்லாம் நானே ஒருநாள் என் கையால் எழுதிக் கொடுத்தவை. அந்த ஒரு சொல் எப்படி வந்தது என்ற கேள்வி அன்றிரவு முழுவதும் என்னை விடவில்லை. பல வாரங்கள் கழித்து இதை எழுதும்போதும் முழுமையாக விட்டுவிடவில்லை.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பேரிங்

விவரம் தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். 1996-இல் வந்த பாக்ஸ்டருக்கும், அதற்கு மறு ஆண்டு வந்த, நீரால் குளிர்விக்கப்படும் முதல் 911-க்கும் (996 என்பது அதன் உள்பெயர்) போர்ஷே ஒரே குடும்பத்து என்ஜினைப் பொருத்தியது. எம்96 என்று அதற்குப் பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரும் பண நெருக்கடியில் இருந்த நிறுவனம், இரண்டு கார்களும் முடிந்தவரை உறுப்புகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எடுத்த முடிவின் விளைவு அது. அந்த என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே இன்டர்மீடியட் ஷாஃப்ட் (சுருக்கமாக ஐ.எம்.எஸ்.) என்ற குழாய் போன்ற தண்டு ஒன்று சுழல்கிறது. கிராங்க் ஒரு செயினால் இதைச் சுழற்ற, இதன் இரு முனைகளிலிருந்தும் கிளம்பும் செயின்கள், வால்வுகளைத் திறந்து மூடும் இரு பக்கத்துக் கேம்ஷாஃப்ட்களையும் சுழற்றுகின்றன. ஃப்ளைவீல் பக்கத்து முனையைத் தாங்குவது கிரீஸ் அடைத்துச் சீல் வைத்த ஒரு சிறிய பால் பேரிங். ஆண்டுக்கணக்கில் என்ஜின் ஆயிலின் சூட்டில் கிடக்கும் அந்தச் சீல் தளர்ந்தால், உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து வெளியேறி, அந்த இடத்தில் பழைய ஆயில் தேங்குகிறது. குண்டுகள் தேயத் தொடங்கினால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் செயின் பல் தாண்டும். பிறகு வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு பழுதுபார்க்க எதுவும் மிஞ்சாது. பழைய பாக்ஸ்டர் ஒன்றின் சந்தை விலையைவிட அதற்கு மாற்று என்ஜின் வாங்கிப் பொருத்தும் செலவு கூடுதலாகவே இருக்கும் என்பதால், அந்தச் சிறிய பேரிங்கின் சாவு பெரும்பாலும் காரின் சாவாகவே முடிகிறது.

ஐ.எம்.எஸ். என்ற மூன்றெழுத்துக்குள் உண்மையில் மூன்று வேறு பேரிங்குகள் இருக்கின்றன. தொடக்க கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்டது. 2000, 2001 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். 2005-க்குப் பிறகு 2008 வரை, அளவில் பெரிய ஒற்றை வரிசை பேரிங். இதை என்ஜின் உடலைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009-ஆம் ஆண்டு மாடலில் வந்த புதிய என்ஜினில் இந்தத் தண்டே கிடையாது. அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 கார்களில் இருந்ததோ போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த பழைய வழியில் வந்த வேறொரு என்ஜின். 1998-இல் லெ மான் பந்தயத்தை வென்ற 911 ஜிடி1 காரின் என்ஜினுக்கு உறவுமுறை கொண்டது. அதில் இந்தச் சீல் வைத்த பேரிங் இல்லை. ஆக, ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஐந்து வெவ்வேறு நிலைமைகள். நண்பரின் பட்டியலில் பேரிங்கின் வகையைச் சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை.

பயந்து ஓட்டிய இரண்டு ஆண்டுகள்

என் காரை 2016-இல், 71,000 மைல் ஓடிய நிலையில் வாங்கினேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் விற்றார். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின் ரசீதையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். எனக்கு அதற்கு முன் என்ஜினைப் பற்றி அதிகம் தெரியாது. சிறுவயதில் சேலத்தில் எங்கள் தெரு முனையிலிருந்த லாரிப் பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. வாங்கிய வாரத்திலேயே படிக்கத் தொடங்கினேன். அந்த வாரத்திலேயே பயமும் தொடங்கியது.

என்னுடைய கார் 2000-ஆம் ஆண்டு மாடல் என்பதே பயத்திற்கு உரமானது. இரட்டை வரிசையிலிருந்து ஒற்றை வரிசைக்கு மாறிய காலம் அது. என்ஜின் எண்ணைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும். எது உள்ளே இருக்கிறது என்று தெரியாத நிலையில், நான் மோசமானதே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். குளிர்ந்த என்ஜினை முடுக்கும்போது எழும் ஒவ்வொரு ஓசைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளுக்கு மேல் முள்ளை ஏற விடமாட்டேன். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரை அறுத்து, அதன் காகித மடிப்புகளை விரித்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். ஒருமுறை பளபளவென்று ஏதோ மின்ன, அன்று மாலை முழுவதும் காந்தத்தை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். காந்தத்தில் அது ஒட்டவில்லை. ஏதோ ஓர் அலுமினியத் துணுக்காக இருக்க வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் பிளூ ரிட்ஜ் பார்க்வே இருக்கிறது. 469 மைல் நீளத்திற்கு மலை முகடுகளின் மேலேயே வளைந்து செல்லும் சாலை. இலைகள் சிவக்கும் காலத்தில் அந்தச் சாலையில் கூரையைத் திறந்து ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் காரையே வாங்கினேன். இரண்டு இலையுதிர் காலங்கள் வந்து போயின, நான் போகவில்லை. மலைமேல் என்ஜின் போய்விட்டால் இழுவை வண்டிக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கார் கராஜிலேயே கிடந்தது. ஓடாமல் கிடக்கும் கார்களுக்கும், ஆயிலை நீண்ட நாள் மாற்றாத கார்களுக்கும்தான் இந்தச் சிக்கல் கூடுதலாக வருவதாக இந்த என்ஜின்களையே தொழிலாகக் கொண்ட பட்டறைக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். அதையும் நான் படித்திருந்தேன். பயம் என்னை எதைச் செய்யவிடாமல் தடுத்ததோ அதுதான் காருக்கு நல்லது என்று தெரிந்தும், கராஜின் கதவை மூடிவிட்டு வந்து மீண்டும் படிக்க உட்கார்ந்தேன்.

2018 வசந்தத்தில், கிளட்ச் எப்படியும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்திருந்ததால், அதோடு சேர்த்துப் பேரிங்கையும் மாற்றிவிடத் தீர்மானித்தேன். கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் இறக்கினால்தான் அந்த பேரிங்கின் மூடி கண்ணுக்குத் தெரியும். ஆகவே பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒன்றாகவே செய்கிறார்கள். மாற்று பேரிங்கில் எஃகுக் குண்டுகளுக்குப் பதிலாக பீங்கான் குண்டுகள். கிரீஸை நம்பாமல் என்ஜின் ஆயிலே உள்ளே தெறித்து உயவு தரும் அமைப்பு. எல்லாம் சேர்த்து 2,600 டாலர் ஆனது. மெக்கானிக் வயதானவர், நிதானமானவர். முதலில் ஆயிலை வடித்து, வடிகட்டித் தட்டை ஆராய்ந்து, உலோகத் துகள் இருந்தால் இந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். துகள் ஏதும் இல்லை. கிராங்கை ஊசி போட்டு நிறுத்தி, செயின் இறுக்கிகளைத் தளர்த்தி, இழுப்பானால் மெல்ல மெல்ல பேரிங்கை வெளியே எடுத்தார். துணியால் துடைத்து என் கையில் வைத்தார்.

இரட்டை வரிசை. விரலால் சுற்றிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் சுழன்றது. வெளிப்புறச் சீலின் ஓரம் இறுகி, ஒரு பக்கம் சற்றே விலகியிருந்தது. உள்ளே கொஞ்சம் கறுத்த ஆயில். குண்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்கும் என்றார். நான் சிரித்துவிட்டு நன்றி சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி என்றுதான் இத்தனை ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உதிர்ந்த சொல்

அன்றிரவு நான் சில வரிகள் எழுதி, பேரிங்கின் படத்தோடு இந்தக் கார்களின் உரிமையாளர்கள் கூடும் இணையத் தளத்தில் பதிந்தேன். அதை இப்போது தேடி எடுத்துப் படித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வட கரோலினா, 2000 பாக்ஸ்டர். ஐ.எம்.எஸ். வேலை முடிந்தது. 78,000 மைல். பழைய பேரிங்கின் வெளிச்சீல் கெட்டிருந்தது. குண்டுகள் நன்றாகவே இருந்தன. இரட்டை வரிசை." பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு சுட்டி இருந்ததால், நண்பரும் நானும் உட்கார்ந்து பின்னோக்கிப் போனோம். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொருவர் தன் கேள்விக்கு நடுவே எழுதியிருக்கிறார்: வட கரோலினாவில் ஒரு 2000 பாக்ஸ்டருக்கு 78,000 மைலில் பேரிங் சீல் கெட்டுப்போய் மாற்றியிருக்கிறார்கள். அவர் எழுதியதில் பொய் இல்லை. அதைப் படித்த இன்னொருவர், தனக்குத் தெரிந்த நிகழ்வுகளை அடுக்கும்போது, 78,000 மைலில் பேரிங் கெட்ட பாக்ஸ்டர் என்று அதையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். பட்டியல் தொகுத்தவர் கெட்டது என்பதைத் தோல்வி என்ற தன் தலைப்பின் கீழ் போட்டிருக்கிறார்.

ஒரு செய்தி பரவும்போது அதற்குக் கண், காது, மூக்கு வைத்துவிடுகிறார்கள் என்று நாம் சொல்வது வழக்கம். வதந்தி என்றால் ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் சேர்ந்து பெருப்பது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். இங்கே யாரும் எதையும் சேர்க்கவில்லை. நால்வரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தவில்லை, யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் சுருக்கினார்கள். முதலில் குண்டுகள் நன்றாக இருந்தன என்ற வாக்கியம் உதிர்ந்தது. பிறகு இரட்டை வரிசை என்பது உதிர்ந்தது. கடைசியில் சீல் என்ற ஒரே சொல் உதிர்ந்தது. சீல் கெட்டது என்பதற்கும் கெட்டது என்பதற்கும் இடையில்தான் என் காரின் என்ஜின் செத்துப்போயிருக்கிறது. என்னை உலுக்கியது அதுவல்ல. என் வரிகளை மறுபடியும் படித்தபோது, சீல் கெட்டிருந்தது என்பதை நான் ஏன் முதலில் எழுதினேன், குண்டுகள் நன்றாக இருந்தன என்பதை ஏன் அடுத்ததாக எழுதினேன் என்ற கேள்வி எழுந்தது. மெக்கானிக் சொன்ன வாக்கியம், இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்கும் என்ற அந்த வாக்கியம், அதில் இல்லவே இல்லை.

விடை எனக்குத் தெரியும். 2,600 டாலரும் இரண்டு இலையுதிர் காலங்களும் செலவழித்திருந்தேன். செலவழித்தது வீண் இல்லை என்பதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்த பேரிங்கில் தேடிப் பார்த்து நான் கண்டுபிடித்த ஒரே குறை அந்தச் சீல். ஆகவே அதை முன்னால் வைத்தேன். பயத்திற்காகப் பணம் கொடுத்தவனுக்கு அந்தப் பயம் உண்மையாக இருந்தாக வேண்டும் என்ற தேவை வந்துவிடுகிறது. என்னைப் போல் முன்னெச்சரிக்கையாக மாற்றிய எத்தனையோ பேர், நல்ல நேரத்தில் மாற்றினேன் என்று எழுதியிருப்பதை இப்போது வேறு கண்ணோடு படிக்கிறேன். அவர்களில் சிலருக்கு அது உண்மையிலேயே நல்ல நேரமாக இருந்திருக்கும். பலருக்கு என்னுடையதைப் போன்ற ஒரு பேரிங் கையில் இருந்திருக்கும், அதில் ஒரு குறையைத் தேடியிருப்பார்கள், கிடைத்திருக்கும். பதினெட்டு ஆண்டுகள் சூட்டிலும் ஆயிலிலும் கிடந்த எந்தப் பொருளிலும் குறை தேடினால் கிடைக்கும்.

நெருப்பு எவ்வளவு

இதைப் படிக்கும் யாரும், இந்தச் சிக்கலே கட்டுக்கதை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெருப்பில்லாமல் புகையாது; நெருப்பு இருந்தது. உடைந்தவர்களுக்கு முழுதாக உடைந்தது. அவர்கள் தொடர்ந்து எழுதியதால்தான் அது ஒரு தனிமனிதரின் துரதிர்ஷ்டம் இல்லை என்று வெளியே தெரிந்தது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது; 2001 முதல் 2005 வரையிலான மாடல்களில் குறிப்பிட்ட கார்களுக்கு, காரின் வயது பத்து ஆண்டுகளைத் தாண்டாமலும் 1,30,000 மைலுக்குள்ளும் இருந்தால், இழப்பில் ஒரு பங்கு கிடைக்க வழி ஏற்பட்டது. சாதாரண மனிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதன் பலன் அது. அந்த மக்களை வதந்தி பரப்பியவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அந்த வழக்கை ஒட்டியே இரண்டு எண்கள் வெளியே வந்து இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கின்றன: இரட்டை வரிசையில் தோல்வி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, ஒற்றை வரிசையில் எட்டு முதல் பத்து. இந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். மிக மோசமானது என்று சொல்லப்படும் வகையிலேயே நூறில் தொண்ணூறு பேரிங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பேச்சில் வரும்போது இரட்டை, ஒற்றை என்ற பிரிவு மறைந்து, பத்து என்ற எண் மட்டும் எல்லாக் கார்களின் மேலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் காரில் இருந்ததைப் பற்றிய எண் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டு ஆண்டுகள் நான் பயந்ததோ பத்தில் ஒன்றுக்கு. இதற்கு மேல் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: என்ஜின் உடைந்தவர் அன்றிரவே எழுதுவார், மாற்று பேரிங் விற்பவர் தினமும் எழுதுவார், ஒரு லட்சம் மைல் ஓட்டிவிட்டு எதுவும் ஆகாதவருக்கு எழுதுவதற்கு விஷயமே இல்லை. என் காரை விற்ற அந்த ஆசிரியருக்கு ஐ.எம்.எஸ். என்றால் என்னவென்றே தெரியாது. நான் கேட்டபோது, அது என்ன ஐ.ஆர்.எஸ். என்ற வருமான வரித் துறையா என்பதுபோல் என்னைப் பார்த்தார். பதினாறு ஆண்டுகள் நிம்மதியாக ஓட்டியிருக்கிறார். எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை.

இந்த நிலைமை போர்ஷேயோடு நிற்பதும் இல்லை. பிஎம்டபிள்யூ எம்3 கார்களில், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகள் தேய்வதைப் பற்றி இதேபோன்ற பெரிய பேச்சு உண்டு. அதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இரண்டு தலைமுறைகளுக்கு இடையிலான வேறுபாடு. ஈ46 என்ற உள்பெயர் கொண்ட தலைமுறை எம்3-இன் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜினில் சிக்கல் எழுந்தபோது, நிறுவனமே 2003 வாக்கில் முன்வந்து குறிப்பிட்ட காலத்தில் செய்யப்பட்ட கார்களை அழைத்து அந்த பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்காவில் என்ஜினுக்கான உத்தரவாதத்தையும் ஆறு ஆண்டு, ஒரு லட்சம் மைல் வரை நீட்டியது. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று உரிமையாளருக்குத் தெரியும். தன் கார் உள்ளேயா வெளியேயா என்று பார்த்துக்கொள்ளலாம். அடுத்து வந்த, 8,400 சுற்றுகள் வரை ஏறும் 4.0 லிட்டர் வி8 என்ஜினுக்கு அப்படி ஓர் அழைப்பு வரவில்லை. எனவே உரிமையாளர்கள் தாங்களே முன்கூட்டிக் கழற்றி, தேய்ந்த பேரிங்குகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துப் போட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அதே மைல் ஓடிய, எந்தக் குறையும் இல்லாத வேறொரு என்ஜினின் பேரிங் எப்படி இருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நல்ல என்ஜினை யாரும் திறப்பதில்லை. ஒப்பிட எதுவும் இல்லாமல் பார்க்கும் எந்தத் தேய்மானமும் சாவின் அறிகுறியாகத்தான் தெரியும். என் சீலும் அப்படித்தான் தெரிந்தது.

உற்பத்தி செய்தவரிடம் எண்கள் இருக்கும். உத்தரவாதக் காலத்தில் எத்தனை என்ஜின்கள் திரும்பி வந்தன, எந்த மாதத்தில் செய்தவை, எவ்வளவு ஓடியவை என்பதெல்லாம் அவர்களுடைய ஏடுகளில் இருக்கும். அந்த ஏடுகள் மூடியிருக்கும்போது உரிமையாளர்கள் தங்கள் கையில் இருப்பதைக் கொண்டு தாங்களே ஒரு கணக்கைக் கட்டுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது உடைந்தவை மட்டும்தான். மொத்தம் எத்தனை ஓடுகின்றன என்ற எண் அவர்களுக்கு ஒருநாளும் கிடைப்பதில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பட்டியல் தொகுத்தவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. எந்தக் கூலியும் இல்லாமல், பிறருக்குப் பயன்படட்டும் என்று இரவுகளைச் செலவழித்தவர் அவர். அவருக்கு நான் தவறான சரக்கைக் கொடுத்தேன்.

2003-ஆம் ஆண்டு 911

அடுத்த சனிக்கிழமை நண்பரோடு அந்த 911-ஐப் பார்க்கப் போனேன். கருநீல நிறம், 64,000 மைல், 3.6 லிட்டர் என்ஜின். அந்த ஆண்டு மாடல் என்பதால் உள்ளே இருப்பது ஒற்றை வரிசை; இரண்டு எண்களில் பெரியது இந்தக் காருக்குத்தான் பொருந்தும். வழக்கின் பத்தாண்டு வரம்பு எப்போதோ முடிந்துவிட்டது. இதையெல்லாம் நான் மறைக்காமல் சொன்னேன். வழியெல்லாம் அவர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்: "வாங்கலாமா, வேண்டாமாண்ணா?" வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு நா எழவில்லை. என் காரின் கதையையே சரியாகச் சொல்லத் தெரியாதவன் இன்னொருவரின் காருக்கு எதைச் சொல்வது என்று இருந்தது.

விற்பவர் நல்ல மனிதர். நாங்கள் கேட்டதும் ஆயிலை மாற்ற ஒப்புக்கொண்டார், செலவு எங்களுடையது. தெரிந்த பட்டறையொன்றில் காரைத் தூக்கி நிறுத்தி, ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்தோம். ஃபில்டரை வெளியே எடுத்ததும் நண்பர் தானே அறுக்க வேண்டும் என்றார். காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, வெயிலில் வைத்து, இருவரும் குனிந்து பார்த்தோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் தனியாகச் செய்த அதே வேலை. அன்று பயத்தோடு பார்த்தேன். ஒரு மினுக்கைக் கண்டதும் முடிவுக்கு வந்தேன். இந்த முறை என்ன தெரிகிறது என்பதை மட்டும் சொல்லிக்கொண்டோம். கறுத்த ஆயில். மடிப்பின் அடியில் இரண்டு பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள். செயினை வழிநடத்தும் தேய்பட்டைகளிலிருந்து வந்திருக்கலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. நண்பர் சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டு ஒன்றை எடுத்து, தேதி, மைல், துணுக்குகளின் எண்ணிக்கை, நிறம், காந்தத்தில் ஒட்டாதது எல்லாவற்றையும் எழுதினார். தமிழ்ப் பள்ளியில் குழந்தைகளுக்கு எழுதிக் காட்டும் அதே தெளிவான கையெழுத்து. ஒரு சொல்லையும் சுருக்கவில்லை.

காரை அவர் வாங்கினார். கிளட்ச் மாற்றும் காலம் வரும்போது பேரிங்கையும் மாற்றுவதாகவும், அதுவரை ஒவ்வொரு ஐயாயிரம் மைலுக்கும் ஆயிலை மாற்றி ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதாகவும் முடிவு செய்திருக்கிறார். ஒற்றை வரிசைக்கு அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். மூன்று வாரங்களில் ஆயிரத்து இருநூறு மைல் ஓட்டிவிட்டார்.

பட்டியல் தொகுத்தவருக்கு நான் கடிதம் எழுதினேன். நடந்தது என்ன, நான் எதை முதலில் எழுதினேன், ஏன் அப்படி எழுதினேன், மெக்கானிக் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லி, என் வரியைத் திருத்தும்படி கேட்டுக்கொண்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. வரியை நீக்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தார். நீக்க வேண்டாம் என்று எழுதினேன். தோல்வியுற்றவை என்ற பெயரோடு இருந்த பட்டியலில் அதற்கு ஏற்ற இடம் இல்லை என்பதால், கீழே இன்னொரு பகுதியைத் திறந்தார். அதன் முதல் வரியில் இப்போது என் கார் இருக்கிறது: 2000 பாக்ஸ்டர், 2.7 லிட்டர், இரட்டை வரிசை, 78,000 மைலில் முன்னெச்சரிக்கையாக மாற்றப்பட்டது, பழைய பேரிங்கின் குண்டுகள் பழுதில்லை, வெளிச்சீல் இறுகியிருந்தது, இப்போது 1,04,000 மைல், ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வரிக்காக, பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டைப் பார்த்து அந்தப் பழைய ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். எனக்கு விற்ற பிறகு அவர் வாங்கியதும் இதே குடும்பத்து என்ஜின் கொண்ட கார்தான் என்று கேள்வி. அது இதுவரை எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று கேட்டிருக்கிறேன்.